முள் பாதியில் நிற்கும் வண்டி

மெர்ல் செத்து ஒரு வருடம் ஆகியும் அவனுடைய பிக்கப் வண்டி தீவைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து துருப்பிடித்த மூக்கை நீட்டும். ஒற்றை விளக்கு மினுங்கும். உள்ளே இருப்பது யார் என்று புரிவதற்குள் மறுபடி பனிக்குள் போய்விடும். செத்தவனே ஓட்டுகிறான் என்று யாராவது சொல்லியிருந்தால் டெலியா மறுத்திருக்க மாட்டாள்.

அவள் அதை விலை பேசப் போனபோது மெர்லுடைய அண்ணன் ஓரின் வாசற்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"பத்திரம் இருக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"வண்டிக்கு. உங்க தம்பி பேர்ல உரிமைப் பத்திரம் ஒண்ணு இருக்குமே."

"இருந்துச்சு. அடுப்பு பத்த வச்சிருப்பான். இங்க போலீசும் கெடையாது, நம்பர் பிளேட்டும் கெடையாது. கரைக்குக் கொண்டுபோனா பிடிப்பாங்க. அங்க வரைக்கும் நீந்திப் போகவா போகுது?"

"அப்ப அது என்னோடதுன்னு எப்படித் தெரியும்?"

"யாருக்கு?" என்றார் ஓரின்.

அவள் விலையைக் கேட்டாள். விலை, ஒரு குளிர்காலத்துக்கான விறகு. பிளந்து, அவர் கொட்டகையில் அடுக்கித் தர வேண்டும். அடுக்கினாள். கடைசிக் கட்டையை வைத்தபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "சாவி அதுலயே கெடக்கும். எடுத்துராத."

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரையிலிருந்து எட்டத்தில் கிடந்த அந்தத் தீவில் டெலியா பல வருடம் அடுத்தவர் படகில் கூலிக்கு நின்றவள். இரைக்கு வைக்கும் மீனை வெட்டி வெட்டி நகம் கறுத்துப்போனவள். இந்த வருடம் சொந்தமாக ஒரு சின்னப் படகு, சிங்கி இறால் பிடிக்கச் சொந்தக் கூடுகள். தீவில் கூடுகளைக் கடலில் இறக்குவதற்கென்று ஒரு நாள் உண்டு. அன்று காலை எல்லாரும் தயாரான பிறகுதான் எல்லாரும் கிளம்புவார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் மற்ற படகுகள் கட்டியே கிடக்கும். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் தானும் இருக்கிறோமா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமும் இல்லை.

வண்டி வாங்கிய மறுநாளே அது வாசலில் இல்லை. சாயங்காலம் தேவாலயத்தின் பின்னால் கிடைத்தது, எஞ்சின் சூடு ஆறாமல். அடுத்த நாள் படகுத்துறையில். அதற்கடுத்து யாருடைய கோழிக்கூட்டுப் பக்கமோ. கதவில் தன் பெயரைப் பெரிதாகப் பெயின்ட்டில் எழுதினாள். "மெர்ல் வண்டியில யாரோ கிறுக்கியிருக்காங்க" என்று பேசிக்கொண்டார்கள். அதை எடுத்துப்போய், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வேலியில் முட்டிய தீவுக்காரி ஹேசல், வானத்தைப் பார்த்து, "ஏண்டா மெர்ல், உயிரோட இருக்கும்போதும் பிரேக்க மாத்தல, செத்த பிறகாவது மாத்தக் கூடாதா" என்று திட்டினாள். டெலியா பக்கத்தில்தான் நின்றாள். அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

இன்னொரு விநோதம், வண்டி பெட்ரோலே குடிக்கவில்லை. பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நின்றது. டெலியா ஒரு சொட்டு ஊற்றியதில்லை. கனவில் வரும் பாத்திரம் மாதிரி, எவ்வளவு மொண்டாலும் அதே அளவு. அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. நல்லது நடக்கும்போது யார் யோசிக்கிறார்கள்.

கூடு இறக்கும் நாள் நெருங்கிய ஒரு காலை கூடுகளை ஏற்ற வந்தால் வண்டி இல்லை. பாதி நாள் தேடினாள். கிடைத்ததும் சாவியை உருவிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஹேசல் அந்தக் கயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டு, "காத்து திரும்பும் போல" என்றாள். அதற்குப் பிறகு வண்டி வாசலைவிட்டு நகரவில்லை. டெலியாவின் வீட்டுப் பக்கம் ஆட்கள் வருவதும் நின்றது.

கூடு இறக்கும் நாள் காலை பனி பால் மாதிரி கட்டியாக இறங்கியிருந்தது. கடைசிச் சுமையோடு மேட்டில் ஏறும்போது எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. முள் பாதியில் நின்றது. கீழே துறையில் படகு எஞ்சின்கள் உறுமுவது கேட்டது. எந்த நிமிடமும் அவளை விட்டுவிட்டு அந்தச் சத்தம் தள்ளிப்போய்த் தேயலாம்.

மேட்டின் மேல்தான் ஓரின் வீடு. ஜன்னலைத் தட்டினாள்.

"பெட்ரோல் ஊத்துனியா?" என்றார்.

"முள்ளு பாதியில நிக்குதே."

"அது மெர்லுக்குக் கல்யாணமான வருஷத்துலேருந்து அங்கதான் நிக்குது."

"அப்ப இவ்வளவு நாள் யாரு ஊத்துனா?"

"எடுத்தவங்க ஊத்துனாங்க. வேற யாரு ஊத்துவா?"

"உங்ககிட்ட கொஞ்சம் இருக்கா?"

"எனக்கு எதுக்கு பெட்ரோலு? ஹேசல்கிட்ட கேன் இருக்கு. போய்க் கேளு." ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

டெலியா வண்டிக்குத் திரும்பினாள். கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, இருந்த இடத்தில் செருகினாள். பாறைகளுக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் இறங்கினாள். பனியில் சொந்தக் கால் தெரியவில்லை. கடல் எந்தப் பக்கம் என்பதே சந்தேகமாக இருந்தது. சத்தம் மட்டும் அங்கேயே, தேயாமல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

துறையில் எல்லாப் படகுகளும் கட்டியே கிடந்தன. பனிக்குள் ஆட்கள் காபிக் குவளையோடு நிழலாக நின்றார்கள்.

"ஹேசல் எங்க?" என்றாள்.

"மேல போயிருக்கா, ரோட்டு வழியா," என்றான் தர்லோ, தன் படகின் விளிம்பில் உட்கார்ந்தபடி. "வண்டிச் சத்தம் நின்னுபோச்சுன்னு கேனத் தூக்கிட்டுப் போனா. வழி நெடுக யாரையோ திட்டிட்டே போனா."

"யார? மெர்லையா?"

"மெர்ல எதுக்குத் திட்டணும்? அவன் செத்துட்டான்."

அப்போது மேட்டுப் பக்கம் ஒற்றை விளக்கு மினுங்கியது. பனியைப் பிய்த்துக்கொண்டு வண்டி இறங்கியது, நிற்க மனமில்லாதது போல. நிழல்கள் விலகி ஓடின. கயிற்றுக் குவியலில் முட்டி நின்றது. ஹேசல் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஏண்டி, இதெல்லாம் ஒரு வண்டியா? பிரேக் எங்கடி இதுல? கடலுக்குள்ள போயிருப்பேன். காலணாப் பிரேக் மாத்தத் துப்பில்ல, கதவுல பேரு மட்டும் கொட்டை எழுத்துல."

எல்லாரும் சிரித்தார்கள். டெலியாவுக்குக் காது சூடானது.

"மாத்துறேன்," என்றாள்.

"மாத்து. நாளன்னைக்கி எனக்கு மாவு மூட்டை ஏத்தணும்."

"எல்லாரும் தயாரா?" என்று தர்லோ பொதுவாகக் கேட்டுவிட்டு எழுந்தான்.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள் ஹேசல். "இவ கூடு இன்னும் வண்டியில இருக்கு."

தர்லோ மறுபடி உட்கார்ந்தான். எஞ்சின்கள் அதே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தன. டெலியா முதல் கூட்டைத் தூக்கினாள்.