ஆறரை விரல்

"மீன் குஞ்சுகிட்ட போய் நீச்சல் தெரியுமான்னு கேப்பாங்களா? நாளைக்கே வந்துடும்மா" என்று மதுமதி மேடம் சொன்னபோது ஏஞ்சல் தலையை ஆட்டிவிட்டாள். பட்டினப்பாக்கம் குப்பத்துப் பெண். வீட்டு வாசலில் நின்று எச்சில் துப்பினால் கடலில் விழும் என்று கேலி பேசுகிற தூரம். அந்த ஒரு தலையாட்டலில் வேலை கிடைத்தது. பிறகு அவள் தூக்கத்தைத் தின்றதும் அதே தலையாட்டல்தான்.

குப்பத்தில் நீச்சல் பையன்களுக்குத்தான். கொஞ்சம் வளர்ந்ததும் அப்பனோ மாமனோ படகில் ஏற்றி, அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய், சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துத் தள்ளிவிடுவார்கள். உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமி, அழுது, கைகாலை அடித்துப் படகைப் பிடிக்கிறபோது பையன் நீந்தக் கற்றிருப்பான். பெண் பிள்ளைகளுக்கு மீன் கூடையும் ஈர மணலும். ஏஞ்சலுக்குக் கடல் கணுக்கால் வரைக்கும் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

நீச்சல் குளம் நந்தனத்தில், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவில் இருந்தது. கோடை விடுமுறை என்பதால் காலையிலேயே பிள்ளைகள் கூட்டம். ஒரு பக்கம் ஏஞ்சலுக்கு இடுப்பளவு தண்ணீர். நடுவில், அடித்தரையில் நீல ஓடு பதித்த ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் தரை சரிந்துகொண்டே போகும். பெரிய பிள்ளைகளை அந்தப் பக்கம் மேடம் பார்த்துக்கொண்டார். சின்னதுகள் ஏஞ்சல் பொறுப்பு. வயிற்றைத் தாங்கிப் பிடித்துக் காலடிக்கச் சொல்ல வேண்டும், அழுதால் தேற்ற வேண்டும், மூக்குச் சிந்திவிட வேண்டும். அவளை நீந்திக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மேடம் கொடுத்த நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தாள். அது ஒரு நாளும் கண்ணுக்கு இறங்கியதில்லை.

முகத்தைத் தண்ணீரில் வைக்கப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு மேடம் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்.

"தண்ணிக்குள்ள விரல் காட்டு ஏஞ்சல். முங்கிப் பாத்துட்டு வந்து எத்தனைன்னு சொல்லச் சொல்லு. எண்ணுற ஆசையில பயம் மறந்துடும்."

அதைக் கேட்டதும் ஏஞ்சல் கையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டாள். ஆனாலும் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து மட்டும் காட்டமாட்டாள்.

அதற்குக் காரணம் அவள் தம்பி ஆண்டனி. அடையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. உள்ளே முங்கிவிட்டுக் கையை மட்டும் வெளியே நீட்டி விரல்களைக் காட்டுவான். கரையில் அவன் சட்டையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு நிற்கிற அக்கா, எத்தனை என்று கத்த வேண்டும். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஆற்றில் வெள்ளம் சுழித்துக்கொண்டிருந்தபோது, ஆண்டனியின் கை வெளியே வந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன. ஏஞ்சல் சிரித்துக்கொண்டே "அஞ்சு" என்று கத்தினாள். கை உள்ளே போனது. இன்னொரு முறை வந்தது. "அதான் சொன்னேனே, அஞ்சு" என்றாள். கை உள்ளே போனது.

மூன்றாம் நாள் கடல் திருப்பிக் கொடுத்துவிடும் என்று குப்பத்தில் சொல்வார்கள். ஆண்டனியைக் கொடுக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி வாங்கும்போது, அம்மா தேசம்மா மட்டும் வாங்கமாட்டாள். உடம்பு வராத பிள்ளைக்கு எந்தக் குழிமேல் ஏற்றுவது என்பாள். அன்றிலிருந்து ஏஞ்சல் வீட்டில்கூடத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணைத் திறந்தே வைத்திருப்பாள். சோப்பு எரிந்தாலும் மூடமாட்டாள்.

வகுப்பில் எல்லோரையும்விடப் பயந்தவன் அஸ்வத். ஆறு வயது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். மணிக்கட்டில் திருச்செந்தூர் சிவப்புக் கயிறு. அவன் அம்மா லாவண்யா கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஏம்மா ஏஞ்சல், இவன் முங்கவே மாட்டேங்கான். எங்க ஊர்ல இவன் வயசுல கெணத்துல குதிப்பானுவ. இவன் வாளித் தண்ணியப் பாத்தே அழுதான். நீதான் எப்பிடியாவது பாக்கணும்."

ஒரு வெள்ளிக்கிழமை அஸ்வத் முதன்முதலாக முகத்தை உள்ளே வைத்தான். ஏஞ்சல் வலது கையில் இரண்டு விரல் காட்டியிருந்தாள். அவன் புஸ்ஸென்று மூச்சு விட்டபடி எழுந்தான்.

"ஏழு."

படியில் உட்கார்ந்திருந்த ஷாகிராவுக்கு எட்டு வயது, வாய் மட்டும் எண்பது. "ஒரு கையில ஏழு விரலா? உங்க கடையில வேணா அப்டி க்ளவுஸ் தைப்பாங்க."

"ஒரு கை இல்ல. அக்கா கையில ரெண்டு. பக்கத்துக் கையில அஞ்சு."

"எந்தக் கைடா?" என்றாள் ஏஞ்சல்.

"அக்காவுக்கு அந்தப் பக்கம். குட்டிக் கை."

ஏஞ்சலின் இடது கை அவன் வயிற்றைத் தாங்கியிருந்தது. அந்தப் பக்கம் வேறு பிள்ளை யாரும் இல்லை. தண்ணீர் கலங்கி, வெயில் துண்டு துண்டாக ஆடிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் அவள் கால்கூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிள்ளை ஏதோ சொல்கிறான், வெயில் செய்த வேலை என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனாள். சனிக்கிழமை மறுபடியும் இரண்டு விரல்தான் காட்டினாள். அஸ்வத் உள்ளே வெகுநேரம் இருந்தான். எழுந்து, விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டான்.

"ஆறரை."

"அரை விரல் எங்கடா வந்துச்சி?"

"அந்தக் கையில ஒரு விரல் கோணலா இருக்குக்கா. நேரா நிக்கல. அதுக்கு அரைதான்."

ஆண்டனியின் மோதிர விரல் கோணல். படகுக் கயிற்றில் மாட்டி உடைந்து, சரியாகச் சேராமல் வளைந்தே நின்றுவிட்ட விரல். குப்பத்துக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் தேசம்மா மந்தைவெளியில் மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஏஞ்சல் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"மா, கடல்ல போன உசுரு வேற தண்ணிக்கு வருமா?"

தேசம்மா நிமிரவில்லை. "இன்னாடி கேள்வி இது? வேலைக்குப் போற எடத்துல எவனாவது பேய்க்கத சொன்னானா?"

"சும்மா கேட்டேன்."

"தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதான்" என்றாள் தேசம்மா. கூடையைக் கவிழ்த்துவிட்டு, "வந்தா மட்டும் இன்னா? கூப்ட்டா போவியா நீ? எனக்கு நீ ஒருத்திதான் கீற" என்றாள். கூடை கழுவின தண்ணீர் வாசலில் ஓடி, மணலில் காணாமல் போகிறவரை இருவரும் அதையே பார்த்திருந்தார்கள்.

அடுத்த வாரம் முழுக்க அஸ்வத்தை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முங்குவான், எழுவான், முங்குவான். பலகையைப் பிடித்துக் காலடித்தான். பலகை இல்லாமலும் கொஞ்சம் மிதந்தான். லாவண்யா ஒரு டப்பா நிறைய அல்வா கொண்டுவந்து கொடுத்தாள். "கைராசிம்மா ஒனக்கு" என்றாள். ஏஞ்சல் டப்பாவைத் திறக்காமல் பைக்குள் வைத்தாள்.

ஏனென்றால் அஸ்வத் அவள் காதோடு இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கை இப்போது அக்கா பக்கத்தில் இல்லையாம். தள்ளிப் போய்விட்டதாம். நேற்று நீலக் கோட்டின் மேல் இருந்ததாம்.

"வான்னு கூப்புடுதுக்கா."

"போவக் கூடாது. கோட்டைத் தாண்டினா அடிப்பேன்."

"நீங்களே போய்ப் பாருங்களேன். உங்களுக்குத்தான் நீச்சல் தெரியுமே."

ஏஞ்சல் நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தொட்டாள். இறக்கிப் போட்டுக்கொண்டு ஒருமுறை குனிந்தால் தெரிந்துவிடும். குனிந்தாள். மூக்கு நுனி தண்ணீரில் பட்டது. அதற்கு மேல் கழுத்து இறங்க மறுத்தது. இருக்கிறான் என்று தெரிந்தால் என்ன செய்வது? இல்லை என்று தெரிந்துவிட்டால் அதைவிட என்ன செய்வது?

மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைப்பாள். எனக்கு நீச்சல் தெரியாது மேடம், அந்தப் பையன் கோட்டைத் தாண்டினால் என்னால் போக முடியாது, வேறு ஆளை வையுங்கள். நந்தனத்தில் இறங்கி நடக்கும்போது வாக்கியம் ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்து, கதவருகே வரும்போது "குட் மார்னிங் மேடம்" மட்டும் மிச்சமிருக்கும்.

வியாழக்கிழமை, மேடம் ஆழமான கோடியில் பெரிய பிள்ளைகளோடு இருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. ஏஞ்சல் அதைப் படியில் உட்கார வைத்து வாய் துடைத்துவிட்டாள். துடைக்கிற நேரம்தான். பின்னால் ஷாகிராவின் குரல் கேட்டது.

"அஞ்சு!"

மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. "அஞ்சு! அஞ்சு!"

ஏஞ்சல் திரும்பினாள். நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி, தண்ணீருக்கு மேலே ஒரு சின்னக் கை மட்டும் நின்றது. ஐந்து விரலும் விரிந்து. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. லாவண்யாவும் நாற்காலியிலிருந்தபடியே சிரித்துக்கொண்டு செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாள்.

கை உள்ளே போனது.

விரிந்த ஐந்து விரல் எண்ணிக்கை இல்லை என்பது அந்தக் குளத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"மேடம், பையன் முழுகுறான். எனக்கு நீச்சல் தெரியாது. மேடம், எனக்கு நீச்சல் தெரியாது" என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே அவள் தண்ணீரைக் கிழித்து நடந்தாள். நெஞ்சு, கழுத்து. சுவரில் பதித்த கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். கால் சரிந்தது. தலைக்கு மேல் தண்ணீர் மூடியது.

சத்தமெல்லாம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தாள். வீட்டில் பழகின கண், எரிச்சலிலும் மூடவில்லை. மங்கலான நீலத்தில் அவளுக்கு எதிரே இரண்டு கைகள் நீண்டிருந்தன. ஒன்றில் சிவப்புக் கயிறு. இன்னொன்று வெறுங்கை. அதுதான் பக்கத்தில் இருந்தது. மோதிர விரல் வளைந்திருந்தது. நகத்தில் எப்போதும் இருக்கிற கருப்பு அழுக்குகூட அப்படியே இருந்தது. விரல்கள் மெதுவாக அவளைப் பார்த்து விரிந்தன.

அவளுக்கு ஒரு கைதான் மிச்சம். மற்றது கம்பியில்.

அந்த வெறுங்கையின் மேலாகத் தன் கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஏதோ குளிர்ச்சியாக உரசியது. பிடிக்கவில்லை, உரசியது. அவள் சிவப்புக் கயிற்றைக் கையோடு சேர்த்துப் பற்றி இழுத்தாள். இழுக்கும்போதே மேலே தண்ணீர் உடைந்து, மதுமதி மேடத்தின் கைகள் இரண்டு பேரையும் வாரி எடுத்தன.

அஸ்வத் வயிற்றிலிருந்த தண்ணீரைக் கக்கிவிட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். லாவண்யா பிள்ளையைத் துண்டில் சுற்றி, தலையைத் துவட்டி, எல்லாம் முடித்த பிறகுதான் ஏஞ்சல் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீச்சல் தெரியாதவ கையிலயா இத்தன நாளு எம்புள்ளையக் குடுத்தேன்?"

அஸ்வத் துண்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்தான். அவனிடம் அவள் கேட்க நினைத்தது ஒன்றுதான், அந்தக் கை அவனை இழுத்ததா தாங்கியதா என்று. அதை அந்த அம்மா முன்னால் கேட்க முடியாது. அவர்கள் போய்விட்டார்கள். பிறகு அஸ்வத் வரவேயில்லை.

பிள்ளைகள் எல்லாம் போன பிறகு மதுமதி மேடம் ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ஏஞ்சல் சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

மேடம் தலைமுடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்தார். "ஆமா, நான் கேக்கல" என்றார். "இனிமே உன்ன பசங்களோட விட முடியாது. அது உனக்கே தெரியும். ஆனா நீ வா. மத்தியானம் லேடீஸ் வர்ற நேரத்துல வா. நானே கத்துத் தரேன்."

வேலை போனதை ஏஞ்சல் வீட்டில் சொன்னாள். கற்கப் போவதைச் சொல்லவில்லை. கூப்பிட்டால் போவியா என்று தேசம்மா கேட்டது காதில் இருந்தது.

முதல் மத்தியானம் குளம் காலியாக இருந்தது. மேடம் அவளை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டார். "பசங்களுக்குச் சொல்றதேதான். முங்கிப் பாத்துட்டு எத்தனைன்னு சொல்லு."

ஏஞ்சல் மூச்சைப் பிடித்து முகத்தை வைத்தாள். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மேடத்தின் கை. அதில் இரண்டு விரல். அவள் இடது பக்கம் பார்த்தாள். ஓடுகள். இன்னும் தள்ளிப் பார்த்தாள். நீலக் கோடு. அதற்கும் அப்பால் தரை சரிந்து, தண்ணீரின் நிறம் அடர்ந்து, கண் எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மூச்சு முட்டுகிறவரை பார்த்துவிட்டு எழுந்தாள்.

"ரெண்டு."

"கரெக்ட். அப்புறம் ஏன்மா அழற?"

"தண்ணி பட்டுச்சி மேடம்" என்றாள் ஏஞ்சல். கண்ணாடி கண்ணில்தான் இருந்தது. "இன்னொரு வாட்டி காட்டுங்க. கொஞ்சம் அந்தப் பக்கமா போயி காட்டுங்க."