அக்கம்மாளின் வயிற்றுவலி

1

இந்தக் கதை என் பொய்யில் தொடங்குகிறது. 1978இல் தேனியிலிருந்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். யாராவது தற்கொலை செய்துகொண்டால் வீட்டார் சொல்வதையே எழுதுவேன்: தீராத வயிற்றுவலி. அந்த ஆண்டு மட்டும் பதினேழு வயிற்றுவலி. வீட்டு மானம் தப்பும், எனக்கும் பத்து நிமிடத்தில் வேலை முடியும். வெட்கமாக இருந்தது. (இல்லை, இருக்கிறது.)

2

"மேற்கு மலையில் மேகம் திரண்ட ஒரு மாலையில் அக்கம்மாள்..."

வேண்டாம். அவள் வந்தபோது மண்டையைப் பிளக்கும் வெயில். கெங்குவார்பட்டிக்காரி, முப்பது வயது. பக்கத்து ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரே மாதத்தில் மூன்றாம் முறை வருகிறாள். வயிற்றுவலியாம். இரண்டு முறை மாத்திரை கொடுத்து அனுப்பிய நர்ஸ் ஜெபராணி, அன்று காலைதான் என் செய்தியைப் படித்திருந்தார்.

"உங்க பேப்பர்ல வயித்துவலின்னு போட்டிருந்தீக. எதுக்க ஒருத்தி வயித்துவலின்னு நிக்கிறா. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்று அங்கிருந்த டாக்டர் பயந்தாராம். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். ஜெபராணி அவளை உட்காரவைத்து நேராகவே கேட்டுவிட்டார்.

"ஆத்தா, செத்துப்போகலாம்னு தோணுதா?"

"இம்புட்டு நாளா ஒருத்தரும் கேக்கலையே நர்சம்மா" என்றாள் அக்கம்மாள்.

(ஏன் அப்படித் தோன்றியது என்று ஒரு வரியில் சொல்லச் சொல்லாதீர்கள். அந்த வேலையைத்தான் விட்டுவிட்டேன்.)

ஜெபராணி அவளைத் தனியே அனுப்பவில்லை. அவள் தம்பி சுருளிவேலுக்கு ஆள் விட்டு, அவன் துணையோடு மதுரையில் மனநல டாக்டரிடம் காட்டச் செய்தார். திங்கட்கிழமைதோறும் தன்னிடம் வந்து பேசவும் சொன்னார்.

நானும் செய்திகளின் அடியில், மனம் சோர்ந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். ஆசிரியர் இரண்டு முறை வெட்டினார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

3

ஒன்பதாவது திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஜெபராணி அவள் ஊருக்குப் பஸ் ஏறினார்.

முடிவு அ: வாசலில் கூட்டம். எழுத மாட்டேன்.

முடிவு ஆ: தலைநிறையப் பூவோடு சிரிக்கிறாள். இரண்டு மாதத்தில் அப்படி யாருக்குச் சரியாகிறது?

நடந்தது இது. ஊருக்கு முன்னாலேயே பருத்திக் காட்டில் நின்றிருந்தாள், மடி நிறையப் பஞ்சு.

"இன்னைக்குத் திங்கக்கிழமையா? மறந்தே போனேன் நர்சம்மா. வேலைக்குக் கூப்பிட்டாக, வந்துட்டேன்."

ஜெபராணி வரப்பில் உட்கார்ந்து அழுதார். அக்கம்மாள்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள்.

4

முழுக்கக் குணமாகிவிட்டதா? ஒரே வாரத்தில் இரண்டு முறை ஓடிவந்த வாரங்களும் உண்டு என்று ஜெபராணி சொன்னார். ஆனாலும் வந்தாள். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இதற்கு மேல் என்னிடம் முடிவு கேட்காதீர்கள். இருக்கிறவளை நான் ஏன் முடிக்க வேண்டும்? தொடங்கி மட்டும் தருகிறேன், நீங்கள் எழுதுங்கள்.

மறுநாள் காலை அக்கம்மாள் எழுந்து