துவைக்காத துப்பட்டா

மூக்கில் கட்டிக்கொள்ள உஷா வைத்திருந்தது மகளின் மஞ்சள் துப்பட்டா. எட்டாவது படிக்கும் அனுஷா கோடை விடுமுறைக்கு வந்துவிட்டு, செங்கத்து ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது கொடியில் மறந்துவிட்டுப் போனது. உஷா அதை ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. துவைத்தால் பெண்ணின் வாசனை போய்விடும்.

ஓசூரைத் தாண்டி, ஆனேக்கல் பக்கத்து ரோஜாப் பண்ணை அது. பெண்கள் எல்லோருமே வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதான் பூ வெட்டப் போவார்கள். வெள்ளை பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பூச்சிமருந்து அடித்தால் அது வெளியே போக வழி கிடையாது. அடித்த அன்று உள்ளே வரக்கூடாது என்று வாசலில் போர்டு உண்டு. பிப்ரவரி காதலர் தினத்துக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கியதும் சூப்பர்வைசர் ஸ்ரீகண்டன் காலையில் அடிக்கச் சொல்லி மத்தியானமே கதவைத் திறந்துவிட்டார். "ஒணந்துடுச்சும்மா, போங்க போங்க. பேகா, பேகா," என்று கன்னடத்தில் அவசரப்படுத்துவார். இலைகளில் ஈரம் மின்னிக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்து, பண்ணையிலேயே கொடுத்திருந்த தகர அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. கணவன் போய்ச் சேர்ந்து சில வருஷங்களாகிவிட்டன. உஷா துப்பட்டாவைத் தலையணைமேல் விரித்து அதில் முகத்தைப் புதைத்துப் படுப்பாள். யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அப்படித்தான் தூக்கம் வந்தது.

பொங்கலுக்கு அனுஷா வருவதாக இருந்தது. இந்தச் சீசனில் உஷாவுக்கு லீவு கிடையாது; பெண்தான் வரவேண்டும். உஷா புதுப் பாய் வாங்கினாள். காம்பு குட்டை என்று கழித்துப்போட்ட ரோஜாக்களை எடுத்துவந்து வாளித் தண்ணீரில் வைத்தாள். வாடினால் கொட்டிவிட்டு வேறு கொண்டுவந்தாள்.

ஆனால் சில வாரங்களாகத் தலைவலி. கண்ணில் நீர் வழிந்து பார்வை மங்கியது, கத்தரிக்கோல் பிடித்த விரல்கள் நடுங்கின.

"இன்னாடி, இப்பவே ஆனந்தக் கண்ணீரா? பொண்ணு இன்னும் பஸ்ஸே ஏறல," என்றாள் பக்கத்து அறை அன்னம்மாள். பிறகு கேலியை விட்டுவிட்டுச் சொன்னாள். "எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு லேடி டாக்டர் கீறாங்க, போய்ப் பாரு. அவ வர்ற நேரத்துல நீ படுத்துக்கினா யாரு பொங்க வைக்கிறது?"

கிளினிக்கில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய பெண் ஒருத்தி உஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போய் வாசலோரம் நின்றுகொண்டாள். அது தன்னால்தான் என்று உஷாவுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சுனிதா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். கேட்டபின் மறுபடியும் பார்த்தார்.

"தலைவலி எப்போ ஜாஸ்தி? பூ வெட்டும்போதா?"

"காலையில எந்திரிக்கும்போதுதான் டாக்டர்."

"அப்படி இருக்கக் கூடாதே. ராத்திரி ரூம்ல மருந்து டப்பா ஏதாவது வெச்சிருக்கீங்களா? காலி டப்பால தண்ணி பிடிச்சு வைக்கிறது?"

"சே, அதெல்லாம் செய்ய மாட்டேன்."

"மூக்குல என்ன கட்டுவீங்க?"

உஷா பையிலிருந்து துப்பட்டாவை எடுத்துக் காட்டினாள். டாக்டர் கையை நீட்டவில்லை.

"தினம் துவைப்பீங்களா?"

உஷா துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். ராத்திரி அதை எங்கே வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமலே, தலைவலி எங்கிருந்து வருகிறது என்று உஷாவுக்குப் புரிந்துவிட்டது.

"கொஞ்ச நாள் வேலைக்குப் போகாதீங்க."

"அத மட்டும் சொல்லாதீங்க டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டு மாத்திரை எழுதினார். "வீட்ல பசங்க இருக்காங்களா?"

"பொண்ணு வருது, பொங்கலுக்கு."

"அந்த ரூமுக்கா? வேண்டாம்மா. துணி, தலமுடி, தரை, எல்லாத்துலயும் அந்த மருந்து இருக்கும். சின்ன உடம்பு, தாங்காது."

போன மே மாதம் அனுஷா வந்த மறுநாளே வாந்தி எடுத்தது உஷாவுக்கு நினைவு வந்தது. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உஷாவும் அப்படித்தான் நம்பினாள். இங்கே இருந்தவரை தலைவலி என்று மடியிலேயே படுத்துக் கிடந்த பெண்ணை, அம்மாவை விட்டுப் பிரிய மனமில்லாமல் கிடக்கிறாள் என்று நினைத்து, அந்தத் தலையைத் தடவிக் கொடுத்திருந்தாள். பூ வெட்டிவிட்டு வந்த கையால்.

கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில், மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றபோது ஹாஸ்டல் வார்டனின் போனுக்கு அழைத்தாள். வார்டன் அனுஷாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போக நீ ஓசூருக்கே வந்துடுவியா?"

"அனு, இந்தப் பொங்கலுக்கு இங்க வேணாம்டா."

"ஏம்மா?"

உண்மையைச் சொன்னால், நீ மட்டும் ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்பாள்.

"ஓனர் வீட்டு ஆளுங்க வர்றாங்க. ரூம் இல்ல."

"புதுப் பாய் வாங்கியிருக்கேன்னு சொன்னியே."

தலைக்குமேல் வண்டிகள் இரைந்தன. அழுவாள், சண்டை போடுவாள் என்று உஷா காத்திருந்தாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் குரல் கேட்கும்.

"சரிம்மா. இங்க சமையல்காரம்மா இருப்பாங்க, அவங்ககூட இருந்துக்கறேன்." பெரிய மனுஷிபோல் சொன்னாள். பிறகு, "என் மஞ்ச துப்பட்டா இருக்கா?"

"பத்திரமா வெச்சிருக்கேன்."

அறைக்கு வந்ததும் வாளியிலிருந்த ரோஜாக்களை வெளியே கொட்டினாள். வாசல் கல்லில் பக்கெட் வைத்து சோப்பைக் கரைத்தாள். முக்குவதற்கு முன்னால் துப்பட்டாவை ஒருமுறை முகத்தருகே கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளியே நிறுத்தி மோந்தாள். மருந்து நெடிதான் இருந்தது. வேறெதுவும் இல்லை. அனுஷாவின் வாசனை என்றைக்குப் போயிற்று, எத்தனை காலமாக இதை அவள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டு படுத்தோம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கசக்கக் கசக்க நுரை பழுப்பாக வந்தது.

மறுநாள் காலை அன்னம்மாள் எட்டிப் பார்த்தாள். "தலவலி எப்டிகீது?"

"குறைஞ்சிருக்குக்கா."

"பாத்தியா, நான் சொன்னேன்ல. பொண்ணு வர்றதுக்குள்ள தெளிஞ்சுடுவ."

உஷா கொடியில் காய்ந்த துப்பட்டாவை எடுத்து மடித்தாள். அதில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. கவரில் போட்டு முடிச்சிட்டு மேலே ஆணியில் மாட்டினாள். பழைய புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து மூக்கில் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே கதவு திறந்திருந்த பக்கம் நடந்தாள்.