சாவி வேண்டாத வாட்ச்

கிருபானந்தத்தின் கைக்கடிகாரத்துக்கு இருபத்தோரு வருஷம் சாவி கொடுத்தவள் அவர் மனைவி ஜெபமணி. காலை ஜெபம் முடிந்து வேதப்புத்தகத்தை மூடியதும், அடுப்பில் எது பொங்கினாலும் பொங்கட்டும் என்று வாட்சை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு திருகு திருகுவாள். காதில் வைத்துக் கேட்பாள். "இந்தாங்க, ஓடுது. போய்க்கினு வாங்க" என்று நீட்டுவாள். சித்தூர் கலெக்டர் ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தாவுக்கு வீட்டில் அப்படி ஒரு ராஜ உபசாரம். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அந்த வாட்ச்தான் செல்லப்பிள்ளை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதத்தில், ஒன்பது நாள் காய்ச்சலில் ஜெபமணி போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவரே வாட்சைக் கையில் எடுத்தார். இரண்டு திருகுக்கு மேல் விரல் ஓடவில்லை. அழுகை வந்துவிட்டது. பெட்டிக்குள் போட்டு மூடியவர் பிறகு அதைத் தொடவே இல்லை.

மணி தெரியாத குமாஸ்தாவை எந்த ஆபீஸ் பொறுத்துக்கொள்ளும்? பக்கத்து நாற்காலிக்காரர் முனிகிருஷ்ணன்தான் நச்சரித்தார்.

"இன்னாய்யா இது, போறவன் வர்றவன் கிட்டல்லாம் டைம் கேட்டுக்கினு? அந்தம்மா உனக்குத் தங்க வாட்ச் வாங்கணும்னு போஸ்டாபீஸ்ல சேத்து வெச்சிதே, போய் வாங்கிக்கினு வா."

தை பிறந்த பிறகு இருவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். கோவிந்தராஜர் கோயில் தெருவில் நாகபூஷணத்தின் கடிகாரக் கடை. நாகபூஷணம் முதலில் எடுத்து வைத்தது தங்க வாட்ச். சுவிஸ் சரக்கு, பேர்போன கம்பெனி, கட்டியவன் ஜமீன்தார்போல் தெரிவான். கையில் இருந்த பணம் அதற்குத் தாராளமாகப் போதும்.

"தினம் சாவி குடுக்கணுமா?" என்று கேட்டார் கிருபானந்தம்.

"காலைல ஒரு வாட்டி சார், அவ்ளோதான்."

அந்த ஒரு வாட்டிதானே ஆகாதது. கிருபானந்தம் தங்க வாட்சைத் தள்ளி வைத்தார். அடுத்து வந்தது எவர்சில்வர் உடம்பு, வெள்ளை முகம், சட்டைக் கைக்குள் அடங்கிவிடும் மெல்லிசு. அதுவும் சுவிஸ்தான், விலை மட்டும் குமாஸ்தா விலை.

"இது ஆட்டோமேடிக் சார். சாவியே வேணாம். கையில போட்டுக்கினு நடமாடினா தானா ஓடும்."

சாவி வேண்டாம் என்பது காதில் விழுந்தது. மற்றது விழவில்லை. மனிதர்களுக்கு வேண்டியது மட்டும்தானே காதில் விழும்.

"கஞ்சன்!" என்று திரும்பி வரும் பஸ்ஸில் புத்தலப்பட்டு வரைக்கும் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தார் முனிகிருஷ்ணன். இனி யாருடைய விரலும் தேவைப்படாத ஒரு வாட்ச் கிடைத்துவிட்டது. அது போதும் கிருபானந்தத்துக்கு.

நாலாம் நாள் காலை வாட்ச் நின்றிருந்தது. தட்டினார், உதறினார், ஓடியது. மூன்று நாளில் மறுபடியும் நின்றது. நின்றுபோன வாட்சைப் பார்க்கிற ஒவ்வொரு காலையிலும் அவள் இல்லாதது புதுசாகத் தெரிந்தது. கோபத்தோடு திருப்பதிக்குப் போனார்.

நாகபூஷணம் பின்மூடியைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"வாட்ச் பாக உந்தி சார், நல்லாத்தான் கீது, ஒரு கொறையும் இல்ல. நீங்க இன்னா வேலை?"

"நகல் எழுதறேன். வீடு ஆபீசுக்கு எதுத்த சந்து."

"எழுதறது சோத்துக் கை. வாட்ச் கட்டின கை ஆடினாத்தானே இது ஓடும். அந்தக் கையால நாளெல்லாம் இன்னா பண்றீங்க?"

கிருபானந்தம் யோசித்தார். அந்தக் கை காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டு கிடக்கும். முன்பெல்லாம் சந்தையில் ஜெபமணியின் கூடையைத் தூக்கியது அந்தக் கைதான். மழையில் அவளுக்குக் குடை பிடித்ததும் அதுதான். இப்போது அதற்கு வேலையே இல்லை. இதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

"சோத்துக் கையில கட்டிக்குங்க. இல்லாட்டி, இந்தத் திருகாணி இருக்குது பாருங்க, தினம் சாவி குடுங்க. இதுக்கும் குடுக்கலாம்" என்றார் நாகபூஷணம்.

வலது கையில் கட்டினால் மேஜை விளிம்பில் இடித்து எழுத்து கோணியது. திருகாணியை அவர் தொடவில்லை.

ஆபீசில் அப்போது ஆந்திராவுக்கும் மதராசுக்கும் இடையே எல்லைப் பங்கீட்டு வேலை மும்முரம். மதராசுக்குப் போகிற கிராமங்களின் பட்டியலை மூன்று நகல் எழுதியவர் கிருபானந்தம். திருத்தணிப் பக்கத்தில் இருந்த முனிகிருஷ்ணனின் ஊரை மூன்று தடவை அவர் கையே எழுதியது. ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறியது. முனிகிருஷ்ணனும் மதராஸ் பக்கத்து வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மறுநாள் சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது.

கட்டில், அண்டா, அம்மி என்று பகல் முழுக்க இரண்டு கையாலும் தூக்கிப் போட்டார் கிருபானந்தம். முனிகிருஷ்ணனின் மனைவி தாட்சாயணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, நீங்களும் வந்துடுங்கண்ணே. ஒண்டியா இங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஜெபமணி இங்கதானேம்மா கீறா" என்றார். கல்லறைத் தோட்டம் இருந்த திசையை எல்லாருமே ஒருமுறை பார்த்தார்கள். லாரி கிளம்பியது. தெருக்கோடி திரும்பி மறையும்வரை கிருபானந்தம் இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றார். மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச் ஜம்மென்று ஓடியது. கோயிலில் பிரசங்கத்தின் நடுவே நாலு தடவை அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். திங்கள் விடிந்தபோது நாலு நாற்பதில் நின்றிருந்தது. பக்கத்து நாற்காலி இன்று காலியாக இருக்கும் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. இனி அவரை வம்புக்கு இழுக்கக்கூட ஆள் கிடையாது.

தனியாக ஜெபம் பண்ணினார். வேதப்புத்தகத்தை மூடினார். வாட்சை எடுத்துத் திருகாணியைப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு திருகு திருகினார். அழுகை வந்தது, ஆனாலும் விரல் நிற்கவில்லை. காதில் வைத்துக் கேட்டார்.

"இந்தாங்க, ஓடுது. போய்க்கினு வாங்க."

வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறார். வலது கை வாட்சோடு முன்னால் நீண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை. பிறகு அதை வாங்கிக்கொள்ள அவருடைய இடது கைதான் வந்தது.