ஒன்பது நாள் டிரைவர்

"யார் மகன், யார் பேரன்? நிமிர்ந்து சொல்லு" என்று கண்டக்டர் கேட்டதும், புதிதாக வந்திருந்த நெட்டைப் பையன் எழுந்து நின்றான். டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு ஒரே ஒரு மின்விசிறிதான். அதன் கீழ் இடம் பிடிக்க அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்த பதினொரு பையன்களும் அமைதியானார்கள். சனிக்கிழமை நாலு மணி வட்டத்தின் முறை அது. வருகிறவன் எவனானாலும் முதலில் அப்பா செய்யும் தொழிலையும் தாத்தா செய்த தொழிலையும் சொல்ல வேண்டும். பெயரெல்லாம் அப்புறம். இதற்கு முன்னால் ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, 'உன் பலம் என்ன, பலவீனம் என்ன' என்று கட்டம் போட்ட தாள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பையன்கள் அதில் ராக்கெட் செய்து விட்டார்கள். நம் பிள்ளைகளை நம் பேச்சிலேயே வளர்ப்போம் என்று கண்டக்டரும் தெருவில் இருந்த பெயிண்டரும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்த வட்டம். விடுகதை போடுவார்கள், பாரம் இழுப்பவர்களின் பாட்டைப் பாடுவார்கள், வாய்ச்சண்டையை வாயோடு முடிக்கப் பழக்குவார்கள். அப்பனின் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டவர்கள் இப்போது "மூட்டை தூக்கினவர் பேரன்" என்று மார்தட்டினார்கள். இதில் கண்டக்டருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. "ஊருக்கே மாமா" என்று அவர் மனைவி கிண்டல் செய்வாள்.

"பஸ் டிரைவர் மகன். கொத்தனார் பேரன்" என்றான் நெட்டையன்.

"அட, நம்ம ஆளு! எந்த டிப்போடா?"

"இப்ப ஓட்டல. பேக்கரிக்குள்ள ஒரு பஸ் போச்சே, அதை ஓட்டினவர்."

"குடிச்சிட்டு விட்டாரே, அவரா?" என்று ஒருவன் கேட்க, அறையே கொல்லென்று சிரித்தது. அடுத்தவனைப் பார்த்து எவன் சிரித்தாலும் காதைத் திருகுகிற கண்டக்டர் அன்று கையைத் தூக்கவில்லை. "உட்காரு" என்றார்.

அந்தப் பேருந்தின் கண்டக்டர் அவர்தான். அந்த டிரைவர் அவரோடு ஓட்டியது ஒன்பதே நாள். விடுப்பில் போனவருக்கு மாற்றாக வந்த தற்காலிக ஆள். அதிகம் பேசாத மனிதர். பிரேக் சரியில்லை என்று மட்டும் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் வண்டி பேக்கரியின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை நாளில் டிப்போ மேலாளர் ஒரு தாளை நீட்டினார். டிரைவரிடம் சாராய வாடை வீசியது என்று அதில் முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்தார்கள். "பிரேக்குன்னு எழுதினா ஒர்க்‌ஷாப்ல நாலு பேருக்கு வேலை போகும். இவன் நேத்து வந்தவன்தானேய்யா" என்றார் மேலாளர். வாடை வந்தது என்று கண்டக்டர் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். நாலு வருடத்தில் அதைச் சுத்தமாக மறந்தும் போனார். மறந்திருந்ததுதான் இப்போது அவரை அதிகமாகச் சுட்டது.

அந்த வாரம் முழுவதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆள் இறங்குவதற்குள் விசிலை ஊதினார். "தூக்கத்துல ஊதுறியாய்யா?" என்று படியில் ஒரு கால் வைத்திருந்த பெண் திட்டினாள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். "என்னங்க, கால்ல வெந்நீரைக் கொட்டினாப்ல அலையிறீங்க?" என்றாள் மனைவி. பையனைப் பெயிண்டர் பொறுப்பில் தள்ளிவிடலாமா என்று யோசித்தார். அவனுக்கு மட்டும் நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்து, கூடக் கொஞ்சம் அன்பாக இருந்துவிடலாமா என்றும் யோசித்தார். அந்த எண்ணம் வந்ததற்கே கூசிப் போனார். உண்மையைச் சொன்னால் பதினொரு பையன்களும் அவரை என்ன கண்ணால் பார்ப்பார்கள்? அப்புறம் வட்டம் ஏது? சொல்லாவிட்டால், எவனும் தலைகுனியக் கூடாது என்று அவரே உண்டாக்கிய அறையில் இந்த ஒருவன் மட்டும் குடிகாரன் மகனாக வாராவாரம் உட்கார வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே பையனின் வீட்டைத் தேடிப் போனார். ஒடுக்கமான மாடிப்படி, அதன் முடிவில் ஒற்றை அறை. அவன் அம்மா சட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் குடிக்கல. குடிச்சார்னு எழுதின தாள்ல நான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "தெரியும். அதோட நகல் எங்க பெட்டியில இருக்கு. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"அவர் இப்ப..."

"எங்கேயோ லாரியில கிளீனரா இருக்கார். எப்பவாவது வருவார்." அடுத்த சட்டையை எடுத்தாள். "இப்ப நிஜமாவே குடிக்கிறார்."

கண்டக்டர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பையனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் வந்தான். போகாதேடான்னு எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே? கையெழுத்துப் போட்ட ஆளு பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறார்னு பார்க்கணும்னான்."

தடுப்புத் துணியை விலக்கிக்கொண்டு நெட்டையன் வெளியே வந்தான். தலையை ஈரத்தோடு வாரியிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. தன்னைத் திட்டுவான் என்று கண்டக்டர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இங்க சொன்னதை அங்க சொல்வீங்களா?" என்றான்.

"சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"சொல்றேன்டா."

"அப்ப நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன்."

கண்டக்டர் படி இறங்கினார். தெருவில் வெயில் இன்னும் தாழவில்லை. டயர் கடை தூரத்தில் தெரிந்தது. மாடியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள் இவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவருடைய நடை தளர்ந்து நின்றபோதெல்லாம் பின்னால் வந்த செருப்புச் சத்தமும் நின்றது. அவர் மறுபடி காலெடுத்து வைக்கும்வரை அது காத்திருந்தது.