சாவித்திரி வீட்டுக்கு வந்து சேர்ந்த அறை

சாவித்திரியின் புது வீட்டில், குடிவந்த பதினோராவது மாதம், வரைபடத்தில் இல்லாத ஓர் அறை வந்து சேர்ந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஹாலின் கிழக்குச் சுவரில் முதல் நாள் வரை காலண்டர் மட்டும் தொங்கிய இடத்தில் பச்சை பெயின்ட் அடித்த ஒற்றைக் கதவு இருந்தது. காலண்டர் இப்போது கதவின் மேல் தொங்கியது. திறந்தால் ஒன்பதுக்குப் பதினோரு அடியில் சிவப்புத் தரையும் சுண்ணாம்புச் சுவரும் சாத்திய சிறு ஜன்னலும் கொண்ட அறை. சாவித்திரிக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கம்மாபுரம் பக்கம் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த பழைய வீட்டின் அறை அது. அந்த வீட்டை இடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இடித்த இடத்தை அதன் பிறகு தோண்டியும் விட்டார்கள்.

அந்த அறையில்தான் அவருடைய மாமனார் பதினாறு வருஷம் படுத்த படுக்கையாக இருந்து இறந்துபோனார். குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் சாவித்திரி. கணவர் சிங்காரவேல் ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். காலையில் போனால் இருட்டிய பிறகு வருவார். அதனால் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மனை வாங்கி, ஆர்க்கிடெக்ட் அனுசியாவிடம் போனபோது சாவித்திரி சொன்னது ஒன்றுதான்: "பழைய வூட்டு மாதிரி எதுவும் வேணாம் மேடம். வெளிச்சமா இருக்கணும், அவ்ளோதான்." அனுசியா அப்படியே கட்டிக்கொடுத்தார். இப்போது இந்த அறையைப் பார்த்ததும், கணவர் தனக்குத் தெரியாமல் ஆர்க்கிடெக்டிடம் சொல்லி வைத்து, இத்தனை நாள் மறைத்திருக்கிறார் என்று சாவித்திரி முடிவு செய்தார். பதினொரு மணிக்கெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் புகார் எழுதிக்கொண்டு சங்கத்துக்குப் போய்விட்டார்.

விருத்தாசலம் வட்டாரக் கட்டடக் கலைஞர் சங்கம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. உறுப்பினர்கள் பதினான்கு பேர். இரண்டாம் சனிக்கிழமைகளில் வீடு கட்டப்போகிறவர்களின் வரைபடங்களை இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். சாக்கடை மட்டம் சரியில்லை என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதுவார்கள். ஓர் உறுப்பினர் மீது புகார் வந்தது அதுவே முதல் தடவை. கேட்காத அறையைக் கட்டினார் என்று சங்கம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினால் அனுசியாவின் ஆர்க்கிடெக்ட் பதிவே போய்விடும். அவர் அப்போது ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பாதி வரைந்திருந்தார். செயலாளர் விமல்ராஜ் விதிப்புத்தகத்தை எடுத்து வைத்தார். தலைவர் அமீனுதீன், "மொதல்ல அளந்து பாப்போம்" என்றார்.

அளந்தார்கள். வெளியே வீடு வரைபடத்தில் இருந்த அதே அளவு, ஓர் அங்குலம் கூடவில்லை. உள்ளே கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்று ஒன்பது சதுர அடி அதிகம். டேப்பில் இரண்டு தடவை, லேசரில் இரண்டு தடவை பார்த்தும் கணக்கு மாறவில்லை. விமல்ராஜ் வெளியே போய்க் கிழக்குச் சுவரைத் தட்டினார். அறைக்குள் நின்ற அமீனுதீனுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. பிறகு அனுசியா துருப்பிடித்த கொக்கியை நெம்பி ஜன்னலைத் திறந்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவேண்டிய இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. அவர் தலையை நீட்டிக் கீழே பார்த்தார். முந்நூறு அடி ஆழத்தில் சுரங்கத்தின் கறுப்புத் தரை, அதில் விரல் நீளத்துக்கு மஞ்சள் எந்திரங்கள். அறை இருபது கிலோமீட்டருக்கு அப்பால், தன் பழைய இடத்திலேயேதான் இருந்தது. அடியில் இருந்த மண்தான் இல்லை.

"கீழ என்னம்மா தாங்குது?" என்று அமீனுதீன் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

நாற்பது மூட்டை சிமென்ட்டை அறைக்குள் அடுக்கி மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். தரை ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. அந்த வாரக் கூட்டத்தில், அறையை உறுப்பினர் கட்டவில்லை, கூரை ஒழுகவில்லை, தரை உறுதியாக இருக்கிறது என்று தீர்மானம் எழுதினார்கள். அப்படியானால் கட்டியவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று விமல்ராஜ் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டார். "தெரியலனு எழுதுங்க. அதுல என்ன வெக்கம்?" என்றார் அமீனுதீன். சாவித்திரி புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் அறை போகவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

அனுசியா கொத்தனார் இளவழகனை அழைத்து வந்து கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். மறுநாள் கதவு சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அடைத்தார்கள், படுக்கையறைக்கு வந்தது. அதையும் அடைத்தார்கள், குளியலறைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. துண்டோடு குளிக்கப் போன சிங்காரவேல் நேராகத் தன் அப்பாவின் அறைக்குள் போய்விட்டார். "செங்கல்லு தீந்துடும் மேடம், கதவு தீராது போல இருக்குது" என்று கரணையைக் கழுவி வைத்தார் இளவழகன்.

அதற்குப் பிறகு சிங்காரவேல் வண்டிக்குப் போகும் முன் தினமும் கொஞ்ச நேரம் அந்த அறையில், கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் சாவித்திரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"நான் யாருகிட்டயும் கேக்கல சாவித்திரி. ஆனா வந்தப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

"உங்களுக்கு அது அப்பா இருந்த ரூமு. எனக்குப் பதினாறு வருஷம் வேலை செஞ்ச எடம். மூச்சு முட்டும்."

"ஜன்னலத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்தா கண்ணு கூசுதும்பாரு. சாத்துற வரைக்கும் கத்துவாரு. நீங்க பஸ்ஸுல இருந்தீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிங்காரவேல் அன்று வண்டிக்குப் போகவில்லை. மதியம் அவரே அனுசியாவின் அலுவலகத்துக்குப் போய், "அவங்ககிட்ட நீங்க வந்து பேசுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

புது வீடு கட்ட வருகிறவர்களிடம் கேட்கச் சங்கம் ஒரு படிவம் வைத்திருக்கிறது. அனுசியா அதில் புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அந்த அறையின் நடுவில் சாவித்திரியை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். முதல்முறை வந்தவரிடம் கேட்பது போலவே கேட்டார்.

"இந்த ரூம்ல என்ன பண்ணப் போறீங்கக்கா?"

சாவித்திரி சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். அந்த அறையைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. "ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா உக்காரணும்" என்றார். பயன்பாடு என்ற இடத்தில் அனுசியா அதையே எழுதிக்கொண்டார். பிறகு, "ஜன்னலு?" என்று கேட்டார். சாவித்திரி எழுந்து போய் இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் விரித்துச் சுவரில் காட்டினார். "இவ்ளோ பெருசு."

அடியில் எதுவும் தாங்காமல் நிற்கும் அறையின் சுவரை வெட்டலாமா என்று சங்கம் மூன்று கூட்டம் போட்டுப் பேசியது. உத்தரம் கொடுத்து வெட்டினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் செங்கல் கீழே விழுந்தால் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் தலையில் விழும் என்று விமல்ராஜ் சொன்னார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அனுசியாவும் அமீனுதீனும் சுரங்க அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, அந்த இடத்தில் வீடு எதுவும் இல்லையே என்றார். "வூடு இல்ல சார், ரூமு மட்டும் இருக்குது" என்றார் அமீனுதீன். அதிகாரி பைனாகுலரை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிஷம் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை அந்த மூலையில் ஆள் இருக்க மாட்டார்கள், மாலை நான்குக்குள் முடித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினான்கு உறுப்பினர்களும் வந்தார்கள். இளவழகனின் இடுப்பில் கட்டிய கயிற்றை ஹால் தூணில் முடிந்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் சுத்தியலை ஓங்கும்போது சாவித்திரி, "இருங்க, நான் மொதல்ல" என்று வாங்கிக்கொண்டார். முதல் அடியில் சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்தது. நான்காவது அடியில் ஒரு செங்கல் வெளியே போயிற்று. அது தரையைத் தொடும் சத்தம் வருகிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், வரவில்லை. அந்த ஓட்டை வழியாகச் சதுரமாக வெயில் வந்து சிவப்புத் தரையில் விழுந்தது. சாவித்திரி சுத்தியலைக் கொடுத்துவிட்டு அந்த வெயிலில் கால்களை வைத்துக்கொண்டு நின்றார். சிரித்தாரா அழுதாரா என்பதில் உறுப்பினர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. மூன்றரை மணிக்கு ஆறுக்கு ஐந்தடி ஜன்னல் தயார். அதன் பிறகு கதவு இடம் மாறவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. கம்மாபுரத்தில் மழை பெய்தால், விருத்தாசலம் காய்ந்து கிடக்கும்போதும், அந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறது. சென்ற தை மாதம் சுரங்க அலுவலகத்திலிருந்து சாவித்திரி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. புதன், சனி மதியம் இரண்டு மணிக்குப் பாறைக்கு வெடி வைக்கிறோம், ஜன்னலைச் சாத்தி வைத்து ஒத்துழைக்கவும் என்று இருந்தது. அந்த இரண்டு நாளும் அவர் ஒன்றே முக்காலுக்குச் சாத்துகிறார். தூசி அடங்க அரை மணி ஆகிறது. பிறகு திறந்துவிட்டு, ஜன்னல் கட்டையைத் துடைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். சனிக்கிழமைகளில் சிங்காரவேலுக்கு வண்டி இல்லை. இரண்டு டம்ளர் டீயோடு கதவருகே வந்து, "வரலாமா?" என்று கேட்கிறார். சாவித்திரி கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்.