ஏழு பெட்டியும் லட்சுமம்மாவும்

மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஸ்ரீராம்புரத்து மாமியார்களுக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். லட்சுமம்மாவுக்குக் கிடைத்தது வேறு எந்த வீட்டுக்கும் வாய்க்காதது. அவர் மருமகள் ரூபினி வீட்டிலேயே உட்கார்ந்து இசைக்கருவி செய்து விற்றாள்.

வீணை, தபலா என்றால் லட்சுமம்மாவும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார். இது மாடுலர் சிந்தசைசர். உள்ளங்கை அகலத்தில் தனித்தனிப் பெட்டிகள். ஒன்று சத்தம் போடும், ஒன்று அந்தச் சத்தத்தைச் சீவிவிடும், இன்னொன்று தாளம் கொடுக்கும். வேண்டியதை வாங்கி, வயரால் கோத்துக்கொண்டு வாசிக்க வேண்டியது. இதற்கும் ஊர் ஊராக ஆள் இருந்தார்கள். ரூபினி நாலு பெட்டி விற்பாள், வந்த காசில் ஐந்தாவதற்குச் சாமான் வாங்குவாள், அதையும் விற்பாள். புடவை, நகை என்று ஒரு பைசா நகராது. “பேய்ப் பொட்டிய வித்து பேய்ப் பொட்டி வாங்கறா” என்பது லட்சுமம்மாவின் மூன்று வருஷத்துத் தீர்ப்பு.

பகலில் ரூபினிக்குப் பொம்மசந்திராவில் வேலை. ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பிழை பிடிக்க வேண்டும். மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறிப் போய்வருவாள். வந்ததும் ஒரு காபி, பிறகு சால்டரிங் அயர்ன். இந்தத் தடவை பத்து மாசம் உட்கார்ந்து, சத்தம் போடுகிற பெட்டி ஏழு முடித்திருந்தாள். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கும் தாரணி என்ற வாசிப்புக்காரி தன் குழுவுக்காக ஏழையும் கேட்டிருந்தாள். சனிக்கிழமை வந்து வாசித்துப் பார்த்து எடுத்துக்கொள்வாள். அது நடந்தால்தான், ரூபினி வெகுநாளாகத் தாளில் மட்டும் வரைந்துவைத்திருக்கும் பெரிய தாளப்பெட்டிக்கு வழி பிறக்கும்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை வந்தது. ரூபினியின் புருஷன் ரவிக்குமார் தன் ஆட்டோவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியாயிற்று. அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்த லட்சுமம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், “உன் பொட்டிங்களையும் கொண்டாந்து வெய்யி” என்றார்.

ரூபினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மனசு மாறுவதற்குள் ஏழையும் மணைமேல் அடுக்கிவிட்டுக் குளிக்க ஓடினாள். வந்து பார்த்தால் ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் சந்தனம், குங்குமம். கண் கலங்கிவிட்டது. கலங்காதா பின்னே, மூன்று வருஷம்!

மறுநாள் பொட்டுகளைத் துடைத்துவிட்டுக் கரண்ட் கொடுத்தாள். மூன்று பெட்டிகள் சமர்த்தாகப் பாடின. மற்ற நாலும் சுருதியில் நிற்கவில்லை. ஸ-வில் தொடங்கியது ஒரு நிமிஷத்தில் வழுக்கிக்கொண்டே போய் ரி-க்குப் பக்கத்தில் நின்று கீச்சிட்டது. சந்தனம் குமிழ் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது என்று ரூபினி முடிவுகட்டினாள்.

மாமியாரிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? இப்போதுதான் மனுஷி இறங்கிவந்து, தன் கையாலேயே பொட்டு வைத்திருக்கிறார். உங்கள் பொட்டால்தான் கெட்டது என்றால், ஜென்மத்துக்கும் அந்தப் பெட்டிகள் பக்கம் திரும்ப மாட்டார்.

ரவிக்குமாரிடம், “நீங்க சொல்லுங்களேன்” என்று கெஞ்சினாள்.

“நான் ஆட்டோ ஓட்டணும்மா. கை கால் வேணும்” என்று அவன் நழுவிவிட்டான்.

ஆக, துணி உலர்த்துகிற சாக்கில் மாடிக்குப் போய், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இடுக்கு இடுக்காகத் துடைத்தாள். “இன்னாடி, ஆஸ்பத்திரி வாசன வருது?” என்று லட்சுமம்மா மூக்கைச் சுருக்கியபோது, கொசுக்கடிக்குத் தடவியதாகப் புளுகினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் நாலு பெட்டிகள் கீச்சிட்டன. விடிந்தால் தாரணி வந்துவிடுவாள். ரூபினி பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

காபி கொண்டுவந்த லட்சுமம்மா வாசலிலேயே நின்றார். “இன்னாச்சி? சும்னே அழாத, வாயத் தொறந்து சொல்லு.”

“கோச்சிக்காதீங்க அத்த. பூஜையில வெச்ச சந்தனம் உள்ள எறங்கிடுச்சி போல. நாலு பொட்டி கெட்டுப்போச்சி.”

லட்சுமம்மா கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எந்த நாலு?” என்றார். ரூபினி தனியாக எடுத்து வைத்தாள். அவற்றைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று.

“சந்தனம் இல்லம்மா. மை.”

“எந்த மை?”

“கொழந்தைக்கு வெக்கற மை. நீ குளிக்கப் போனப்போ வெச்சேன். எதிர்வூட்டுக்காரி எட்டிப் பாத்து, உன் மருமவ ஊரு பூரா விக்கறாளாமேன்னா. அவ கண்ணு பொல்லாத கண்ணு. முன்னால வெச்சா வாங்க வர்றவங்க மூஞ்சி சுளிப்பாங்கன்னு பின்னால வெச்சேன். நாலுக்கு வெக்கறதுக்குள்ள மை தீந்துபோச்சி.”

ரூபினி ஒரு பெட்டியைக் கவிழ்த்து லென்ஸை எடுத்தாள். பெட்டிகளுக்குப் பின்பக்கம் மூடி கிடையாது, போர்டு அப்படியே வெளியே தெரியும். பார்க்க எடுப்பாக இருக்குமென்று போர்டைக் கறுப்பில் வரவழைத்தது அவளேதான். கறுப்பின்மேல் கறுப்பாக, கீழ்மூலையில் மிளகளவு ஒரு பொட்டு. விளக்குப் புகையில் பிடித்த மை அது. புகைக்கரியில் கரண்ட் பாயும். சுருதியைப் பிடித்து நிறுத்துகிற செம்புக் கோடுகளின் மேலேயே அது குந்தியிருந்தது. நாளெல்லாம் ஊரார் போர்டில் பிழை பிடிக்கிறவள், தன் போர்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

“இனிமே நான் தொடமாட்டேன்” என்றார் லட்சுமம்மா. “எனக்கு இன்னா தெரியும் இதப்பத்தி. பத்து மாசம் முதுவு ஒடியப் பண்ணியே, அதான்...”

ரூபினி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவரிடமே நீட்டினாள். “நீங்களே தொடைங்க அத்த.”

பிள்ளைக்குக் காது துடைக்கிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலையும் துடைத்தார் லட்சுமம்மா. கரண்ட் கொடுத்தார்கள். ஸ போட்ட இடத்தில் ஸ நின்றது. ஐந்து நிமிஷம் கழித்தும் அங்கேயே நின்றது. சனிக்கிழமை தாரணி வந்து ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, ஏழையும் எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாசம் கழித்துத் தாளப்பெட்டிக்கான போர்டுகள் வந்தன. அதே கறுப்பு. கவரைப் பிரித்ததும் ரூபினி ஒன்றை எடுத்துப்போய் லட்சுமம்மாவின் மடியில் வைத்தாள். பின்பக்க மூலையில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் அச்சிட்டிருந்தது.

“இன்னா இது வட்டம்?”

“மை வெக்கற எடம் அத்த. இதுக்குள்ள ஒரு கோடும் போகாம வரைஞ்சிருக்கேன். எல்லா போர்டுலயும் இருக்கு.”

லட்சுமம்மா அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மை டப்பாவோடு வந்தார். ரூபினி போர்டை நீட்டினாள்.

“அதக் கீழ வெய்யி. மொதல்ல நீ இப்பிடித் திரும்பு” என்று அவள் காதுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒரு பொட்டு வைத்தார். “பண்றவளுக்கு வெக்காம வுட்டுட்டேன் பாரு.”